அத்தையைப் பற்றிச் சொல்லத் தென்காசி போனேன்

ஆனி மாதச் சாரலில் தென்காசிக்குப் போகிறேன் என்றதும் கோவையில் எல்லோரும் ஒரே மாதிரிதான் சிரித்தார்கள். "குற்றாலத்துல நல்லா குளிச்சுட்டு வாங்க. வரும்போது மங்குஸ்தான் பழம் மறந்துடாதீங்க" என்றார் அடுத்த வீட்டு அக்கா. என் மாமியாரின் ஞாபகத்தைப் பற்றிச் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லப் போகிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? மங்குஸ்தானுக்குத் தலையாட்டிவிட்டு, இரண்டு வயது மித்ராவை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

விஷயம் இதுதான். வயதாக ஆக மூளை எப்படி மாறுகிறது என்று தென்காசியில் ஓர் ஆராய்ச்சிக் குழு பார்த்துவருகிறது. அல்சைமர் என்கிற மறதி நோய் வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே உள்ளே தொடங்கிவிடுமாம். அதன் முதல் தடயத்தை ரத்தத்திலோ ஸ்கேனிலோ நினைவுச் சோதனையிலோ முன்கூட்டியே பிடிக்க முடியுமா என்றுதான் தேடுகிறார்கள். அதற்காக நன்றாக இருப்பவர்களையே வருடத்துக்கு ஒருமுறை அழைத்துச் சோதிக்கிறார்கள். அத்தை போன வருடம் தானாகவே போய்ப் பெயர் கொடுத்தார். பண்பொழிப் பக்கம் கிராம சுகாதார நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். "ஊருக்கெல்லாம் ஊசி போட்டவ, எனக்கு ஒரு ஊசி ரத்தம் எடுக்கட்டுமே" என்று சொல்லி, குத்துக்கல்வலசையில் தன் தெருப் பெண்கள் பலரையும் சேர்த்துவிட்டார்.

இந்த வருடம் குழுவிலிருந்து என் கணவர் சங்கருக்குப் போன் வந்தது. நெருங்கிய உறவினர் ஒருவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார்கள். போன வருடம் மாமா பேசினார்; "எல்லாம் நல்லாருக்கு" என்பதைத் தாண்டி அவரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியவில்லையாம். கூடவே இருப்பவர்களைவிட விட்டுவிட்டுப் பார்ப்பவர்களுக்குத்தான் மாற்றம் கண்ணில் படும், மகன் வந்தால் நல்லது என்றார்கள். சங்கருக்கு விடுமுறை இல்லை. "நீ போயேன். அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல, அதச் சொல்லிட்டு வரவேண்டியதுதான்" என்றார்.

அவர் சொன்னபடி சொல்லிவிட்டு வர எனக்கும் ஆசைதான். அடுத்த மாதம் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். மழலையர் பள்ளியில் இடம் கிடைக்கும்வரை மித்ராவை அத்தையிடம் விடுவதாகப் பேச்சு. அத்தை நன்றாக இருந்தால் என் வேலை பிழைக்கும். நன்றாக இல்லையென்றால், அதை மருமகள் வாயால் சொல்ல வேண்டும். போகும் வழியெல்லாம் இந்த இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்ததில் ஜன்னலுக்கு வெளியே என்ன பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

தென்காசியில் இறங்கியதும் முகத்தில் பட்டது காற்று. எங்கள் ஊரிலும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உண்டு. அது ஆளைத் தள்ளும். இது ஈரத் துணியால் துடைப்பதுபோல் வந்து வந்து போகிறது. மாமா ஆட்டோவோடு நின்றிருந்தார். பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருந்தவர்; எதைப் பார்த்தாலும் முதலில் எடை பார்ப்பார்.

"என்ன தாயி, பிள்ள எளச்சிருக்கா?"

"ஏறித்தான் இருக்குதுங்க மாமா."

"பாத்தா அப்படித் தெரியலையே. சரி, அவ கையால நாலு நாள் சாப்பிட்டா சரியாயிரும்."

அத்தை வாசலிலேயே மித்ராவை வாங்கிக்கொண்டார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், நகத்தை அழுத்திப் பார்த்தார். "ரத்தமெல்லாம் நல்லாருக்கு. ஏட்டி கவிதா, கீரை குடுக்கியா?" அந்தப் பழைய நர்ஸைப் பார்த்ததும் எனக்குப் பாதி பாரம் இறங்கியது.

மதியம் சொதி வைத்தார். திருநெல்வேலிக்காரர்கள் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்குப் போடும் தேங்காய்ப்பால் குழம்பு அது. எனக்கு வைக்கத் தெரியாது. அடுப்படியில் நின்று பார்க்க மட்டும் தெரியும். தேங்காய்ப் பாலை மூன்று முறை பிழிவார்கள். தண்ணியாக இருக்கும் பாலில் காய்கள் வேக வேண்டும். கெட்டியான முதல் பால் கடைசியில், இறக்கும்போது. அன்று அத்தை முதல் பாலை எடுத்து காய்களோடு ஊற்றிக் கொதிக்கவிட்டார். நான் வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன். கோயம்புத்தூர்க்காரி சொதிக்குப் பாடம் சொல்வதா? சிறிது நேரத்தில் பால் திரிந்து மேலே எண்ணெய் மிதந்தது. அத்தை கரண்டியைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தேங்கா சரியில்ல" என்றார்.

மாமா இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். "இஞ்சித் துவையலோட தின்னா எதுவும் ருசிதான்" என்றார். தேங்காயாகவும் இருக்கலாம் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் குற்றாலம். சோதனைக்கு முந்தின நாள் அருவிக்குப் போவதா என்று நான் தயங்கினேன். "தலையில தண்ணி விழுந்தாதான் மூளை நல்லா வேல செய்யும்" என்று மாமா முடித்துவிட்டார். கோவையிலும் மலையடிவாரத்தில் ஓர் அருவிக்குக் குற்றாலம் என்றுதான் பெயர். அதை இங்கே சொன்னால் யாரும் கோபப்படுவதில்லை, பரிதாபமாகப் பார்க்கிறார்கள்.

டவுன் பஸ்ஸில் வைப்பர் வேலை செய்யவில்லை. சாரல் கண்ணாடியை மூடிக்கொண்டே வந்தது. ஓட்டுநர் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையைச் சன்னல் வழியாக நீட்டித் துணியால் துடைத்தார். நான் மித்ராவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். முன் இருக்கையில் இருந்த அம்மாள் என்னைவிடத் தைரியசாலி.

"அண்ணாச்சி, நிறுத்திட்டுத்தான் தொடையுமேன்."

"நிறுத்துனா திரும்ப எடுக்காது ஆச்சி. ஒண்ணு கண்ணாடி, இல்லன்னா இன்ஜின். உங்களுக்கு எது வேணும்?"

"எனக்கு உசிரு வேணும்."

"அப்ப பேசாம வாங்க."

கொஞ்ச தூரத்தில் கார்களின் வரிசையில் மாட்டி அந்தக் கேள்விக்கே இடமில்லாமல் வண்டி நின்றது. எல்லோரும் இறங்கி நடந்தோம். வழியெங்கும் நேந்திரம் சிப்ஸ் பொரிகிற வாசமும், உடம்பு பிடித்துவிடுகிறவர்களின் எண்ணெய் வாசமும். ஒரு குரங்கு யாருடைய சோப்பையோ கடித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தது. மித்ரா அதற்கு டாட்டா காட்டினாள்.

பேரருவியில் பெண்கள் பக்கம் கூட்டம் நெருக்கியது. அந்த இரைச்சலில் மித்ரா அழத் தொடங்கினாள். "நீ போய்க் குளிச்சுட்டு வா, நான் வச்சிருக்கேன்" என்று அத்தை அவளை வாங்கிக்கொண்டார். மாமா எதிரே சிப்ஸ் கடை ஓரமாக நின்றார். தலையில் அருவி விழும்போது எதையும் யோசிக்க முடியாது என்று சொல்வார்கள். நான் யோசித்தேன். சீக்கிரமே வெளியே வந்துவிட்டேன்.

அத்தை அதே இடத்தில் துண்டோடு நின்றிருந்தார். கையில் மித்ரா இல்லை.

"மித்ரா எங்கீங்க அத்தை?"

"அவ அம்மாகூட குளிக்கால்லா" என்றார்.

என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். சாதாரணமாக, வழி கேட்டவருக்குச் சொல்வதுபோல. நான் அப்படியே நின்றேன். பிறகு சாலைக்கு ஓடினேன். மாமாவின் தோளில் உட்கார்ந்து மித்ரா சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாள். "அவதான் கொண்டாந்து தந்தா, பிள்ளைக்கு பசிக்குன்னு" என்றார் மாமா. பின்னால் வந்த அத்தையும் சிரித்தார். "ஆமா, நாந்தான குடுத்தேன். நீ ஏன் இப்படி ஓடுத?"

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை. ஈர முடி முகத்தில் ஒட்டியிருந்த என்னை வேறு யாரோ என்று நினைத்திருக்கலாம். அத்தனை சத்தத்தில் என் கேள்வியே காதில் சரியாக விழாமல் இருக்கலாம். அருவிக்கரையில் சொந்தப் புருஷனையே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. திரும்பும் வழியில் இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். மித்ராவை மட்டும் மடியிலிருந்து இறக்கவில்லை.

சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா சுற்றுச்சுவருக்கு மேலாகத் தலையை நீட்டினார். அவரும் ஆராய்ச்சியில் சேர்ந்தவர்.

"நர்ஸக்கா, நாளைக்குத்தான உங்களுக்கு? வார்த்தையெல்லாம் ஞாபகம் இருக்கா? குடை, பித்தளை, ஆறு..."

"மாமரம், சட்டை" என்று உள்ளே இருந்து முடித்தார் மாமா.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாக்கியம் அக்காதான் பெருமையோடு விளக்கினார். சோதனையில் ஐந்து வார்த்தைகள் சொல்வார்களாம். வேறு ஏதேதோ கேட்டுவிட்டு, அந்த ஐந்தையும் திருப்பிச் சொல்லச் சொல்வார்களாம். போன வருடம் முதலில் போய்வந்தவர் வெளியே வந்ததும் மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டார். "நம்ம தெருவுல ஒருத்திகூட ஃபெயில் இல்ல தெரியுமா? அடுத்த தெருவுலதான் ரெண்டு பேரு முழிச்சிட்டு வந்தாளுவ."

அத்தை போன வருடம் முழு மதிப்பெண் வாங்கினார் என்று சங்கர் எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அந்த மதிப்பெண்ணை நம்பித்தான் மித்ராவை விடுவதாகவே பேசினோம்.

சாப்பாட்டு மேசையில் மாமா அத்தையை எதிரே உட்காரவைத்து ஒப்பிக்கச் சொன்னார்.

"குடை, பித்தளை, ஆறு..." அத்தை நிறுத்தினார். "வண்டி."

"வண்டி இல்ல. மாமரம்."

"மாமரம். சட்டை."

"இன்னொரு மட்டம் சொல்லு."

"குடை, பித்தளை, ஆறு... சட்டை."

"மாமரம் எங்க போச்சு?"

"நீரே வித்துத் தின்னுட்டீரு" என்றார் அத்தை. மூன்று பேரும் சிரித்தோம். அடுத்த முறையும் மாமரம் வரவில்லை. அத்தை எழுந்து மித்ராவுக்குப் பால் ஆற்றப் போனார்.

"இது பரீட்சை இல்லீங்க மாமா" என்றேன் மெதுவாக. "படிச்சுட்டுப் போனா சோதிக்கிறவங்களுக்கு எதுவுமே தெரியாமப் போயிடுங்க."

"கேள்வி கேக்காங்க, மார்க் போடுதாங்க. பொறவு பரீட்சை இல்லாம என்ன?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சின்னவனுக்குப் பொண்ணு பாத்துட்டு இருக்கோம் தாயி. தாய்க்காரிக்கு கோட்டி, புத்தி சரியில்லன்னு ஒரு சொல்லு வெளிய போச்சுன்னா எவன் பொண்ணு குடுப்பான்? நாளைக்கு நீ பேசும்போது பைய, யோசிச்சுப் பேசு."

அவர் மிரட்டவில்லை. கெஞ்சினார். அதுதான் கஷ்டமாக இருந்தது. சங்கருக்குப் போன் செய்து அருவியில் நடந்ததைச் சொன்னேன். "அம்மா அங்க சத்தத்துல ஏதோ சொல்லியிருப்பாங்க. நீதான் எல்லாத்துக்கும் பயப்படுவியே" என்றார். அதுவும் உண்மைதான். மித்ராவுக்கு ஒரு தும்மல் வந்தால் மருத்துவமனையில் நிற்பவள் நான். என் பயத்தைத்தான் அத்தையின் தலையில் ஏற்றிப் பார்க்கிறேனா?

ஆராய்ச்சி மையம் குற்றாலம் சாலையில் ஒரு கட்டிடத்தின் மாடியில் இருந்தது. கீழே பரோட்டாக் கடை, மேலே மூளை. முதலில் அத்தையை உள்ளே அழைத்தார்கள். மாமா கதவை ஒட்டி உட்காரப் போனபோது உதவியாளர் சிரித்துக்கொண்டே அவரை நடைவழியின் கடைசிக்கு நகர்த்தினார். போன வருடம் கதவோரம் இருந்து இருமி இருமி அத்தைக்குச் சைகை காட்டியவராம்.

பிறகு என்னை அழைத்தவர் ஷைனி, அங்கே உளவியலாளர், என் வயதுதான் இருக்கும். செங்கோட்டைக்காரர், பேச்சில் லேசாக மலையாளம் இழையோடியது.

"வேற யாரோடயும் ஒப்பிட வேண்டாம், கேட்டோ? அவங்கள அவங்களோடயே ஒப்பிட்டுச் சொல்லுங்க. முன்ன எப்படி, இப்ப எப்படி."

அந்த வாக்கியம் எனக்கு உதவியது. நல்லவரா, கெட்டவரா, நோயாளியா என்று யாரும் கேட்கவில்லை. சொதியைப் பற்றிச் சொன்னேன். எனக்கு வைக்கத் தெரியாது, அதனால் நான் தவறாகக்கூடப் பார்த்திருக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

ஷைனியின் பேனா நின்றது. "முதல் பாலையா முதல்ல ஊத்தினாங்க?"

"ஆமாங்க."

"எத்தன வருஷமா சொதி வைக்கிறவங்க?"

"கல்யாணம் ஆன நாள்லருந்துங்க."

எழுதினார். அருவியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். கண்ணாடி வழியாக மாமா தெரிந்தார். மித்ராவுக்குக் கைகொட்டி விளையாட்டுக் காட்டிக்கொண்டே, கண்ணை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருந்தார். அத்தை சொன்ன அந்த ஒரு வரியை விட்டுவிட்டால் என்ன? யாருக்கும் தெரியாது. ஆனால் மித்ரா யார் கையில் இருக்கிறாள் என்று அத்தைக்கு ஒரு நிமிடம் தெரியாமல் போனது எனக்குத் தெரியும். சொன்னேன். என் ஈர முடியையும் அருவியின் சத்தத்தையும் சேர்த்தே சொன்னேன். கடைசியாக, தெருவே மனப்பாடம் செய்திருந்த ஐந்து வார்த்தைகளையும்.

ஷைனி சிரிப்பை அடக்கிக்கொண்டார். "எங்களுக்குச் சந்தேகம் வந்துச்சு. ஒரே தெருவுல எல்லாரும் ஒரே வரிசையில, ஒரே ராகத்துல சொன்னாங்க. இந்த முறை வார்த்தையெல்லாம் மாத்திட்டோம்."

"அத்தைக்கு அந்த நோய் வந்துடுச்சுங்களா?"

"இன்னிக்கு எனக்குத் தெரியாது. தைராய்டு, பி12, காது, தூக்கம், இதுல எதுல கோளாறு இருந்தாலும் இப்படி ஆகும். அதெல்லாம் சரி பண்ணக்கூடியது. முதல்ல அதப் பாக்கணும். அடுத்த வாரம் ஸ்கேன் இருக்கு. ஒரு நாள் பாத்துச் சொல்லிர முடியாது. வருஷா வருஷம் கோடு எந்தப் பக்கம் போகுதுன்னுதான் பாக்கோம். போன வருஷத்துப் புள்ளிய நம்ப முடியாதுன்னு நீங்க சொன்னதே பெரிய உதவி."

"அவங்க கையில என் குழந்தைய விட்டுட்டுப் போகலாங்களா?"

ஷைனி பேனாவை மூடினார். "அத நான் சொல்ல முடியாது. ஆனா நீங்க பாத்தத சந்தேகப்படாதீங்க."

நடைவழியில் அத்தை கீழேயிருந்து வரவழைத்த டீயை ஊதிக்கொண்டிருந்தார். மித்ரா அவர் மடியில். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்ன சொன்ன?" என்று கேட்டார் அத்தை.

மாமா என்னைப் பார்த்தார். பொய் சொல்ல ஆசையாக இருந்தது. ஆனால் உள்ளே இருப்பவர்களிடம் ஒன்று, அத்தையிடம் ஒன்று என்று என்னால் வைத்துக்கொள்ள முடியாது. சொதி, அருவி, மாமரம், மூன்றையும் சொன்னேன். "தப்பா நெனச்சுக்காதீங்க அத்தை" என்றேன்.

அத்தை டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். கீழே கொத்துப் பரோட்டாவின் டகடக சத்தம் மட்டும் கேட்டது.

"பொறவு பாவூர்சத்திரம்?" என்றார்.

"அங்க என்னங்க அத்தை?"

"போன மாசம் சின்ன வெங்காயம் வாங்கப் போனேம்லா. சந்தைய விட்டு வெளிய வாரேன், தென்காசி பஸ்ஸு எந்தப் பக்கம் நிக்கும்னு தெரியல. இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா. வெயில்ல அங்கனயே நின்னேன். மூட்டை தூக்குதவர் ஒருத்தர் 'நர்ஸக்கா, ஏன் நிக்கிய?'ன்னு கேட்டு ஏத்திவிட்டாரு. அவரு பிள்ளைக்கி நான் ஊசி போட்டிருக்கேனாம். எனக்கு அவரையும் தெரியல."

மாமாவின் முகம் மாறியது. "இத எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"சொன்னா அதுக்கும் ஒரு பாடம் எடுத்துப் படிக்க வச்சிருப்பீரு." அத்தை மித்ராவை என் மடிக்கு மாற்றினார். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"எங்க போற? முடிஞ்சிருச்சுல்லா, வா வீட்டுக்குப் போவோம். சின்னவன் கல்யாணம் முடியட்டும், பொறவு பாத்துக்கலாம்" என்றார் மாமா.

"நான் வேல பாத்தப்ப எடை மிஷின்ல பிள்ளையப் போட்டா தாய்க்காரி பக்கத்துல நிப்பா. 'அக்கா, கூட்டி எழுதுங்க, மாமியா ஏசுவா'ன்னு அழுவா. ஒருத்திக்கும் நான் கூட்டி எழுதுனதில்ல. குறைஞ்சிருக்குன்னு எழுதுனாத்தான் அந்தப் பிள்ளைக்கி சத்துமாவு வரும்." அத்தை செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். "எனக்கு மட்டும் கூட்டி எழுதச் சொல்லுதீரு."

அத்தை கதவுவரை போய்த் திரும்பினார்.

"கவிதா, பிள்ளைய இப்ப இங்க விடவேண்டாம். வேல போனா வேற வேல. நான் அங்கன வந்து கூட இருக்கேன். ஆனா இன்னொரு ஆளும் இருக்கட்டும்."

கதவைத் தட்டி, "டாக்டரம்மா, ஒண்ணு விட்டுப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். மாமா சிறிது நேரம் மூடிய கதவைப் பார்த்தார். இந்த முறை இருமவில்லை.

சங்கர் போனில் அழைத்தார். "முடிஞ்சுதா? என்ன சொன்னாங்க?"

"இன்னும் முடியலீங்க" என்றேன். "அத்தை உள்ள இருக்காங்க. அவங்களே சொல்லிட்டு இருக்காங்க."